ஜூரிக்கு ஒரே ஒரு கேள்வி

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல்லில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் மகள் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். போய் ஏழு வருடம் ஆகிறது. ஒரு நாள் காலையில் அக்கா போனும் கையுமாக வேலியோரம் வந்து நின்றார்.

"மக்கா, பிள்ளைக்கு கோர்ட்டுல இருந்து கடிதம் வந்திருக்காம். ஜூரின்னு என்னமோ போட்டிருக்காம். அவ யாரு வம்புக்கும் போவமாட்டாளே!"

நான் நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீல். "பயப்படாதீங்க அக்கா, அவ மேல கேஸ் ஒண்ணும் இல்ல. அடுத்தவன் கேஸைக் கேட்டு முடிவு சொல்லக் கூப்பிட்டிருக்காங்க" என்றேன். அவர் முகத்தில் குழப்பம் கூடியதே தவிர குறையவில்லை. சாயங்காலம் டீக்கடைக்குப் போவதற்குள் விஷயம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவர், பிள்ளையை நீதிபதி ஆக்கிவிட்டார்கள் என்றார். இன்னொருவர், சாட்சி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சத்தியம் செய்தார். டிவி டான்ஸ் நிகழ்ச்சியில் மார்க் போடுபவர்களைப் போல என்றான் ஒரு பையன். மூலையில் இருந்த பெரியவர், "நம்ம நாட்டுலயும் இருந்தது. ஒரு நேவிக்காரனை ஜூரி விட்டுட்டதால எடுத்துட்டாங்க" என்று முடித்தார்.

நாலு பேர் சொன்னதில் மூன்று தப்பு, ஒன்று அரைகுறை. நம் ஊரில் ஜூரி என்றாலே பேச்சு இப்படித்தான் போகிறது. அதனால் கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

வேலி தாண்டிய தென்னை

என் தென்னை உங்கள் வேலிக்கு மேலே சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் நாலு தேங்காயைக் காணவில்லை. நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று நான் சத்தம் போடுகிறேன். நீங்கள் சொல்கிறீர்கள்: "நான் எடுக்கவே இல்ல. அப்படியே எடுத்தாலும் என் மண்ணுல விழுந்த காய் எனக்குத்தானே?"

இந்த ஒரு பதிலில் இரண்டு சண்டை இருக்கிறது. பிரித்துப் பாருங்கள்.

முதல் சண்டை, எடுத்தீர்களா இல்லையா என்பது. இதற்குச் சட்டப் புத்தகம் எதுவும் வேண்டாம். அன்று காலையில் பால் கொண்டுவந்தவர் என்ன பார்த்தார், உங்கள் அடுக்களையில் கிடந்த தேங்காய்த் தொண்டு பச்சையா காய்ந்ததா, எனக்கும் உங்களுக்கும் ஏற்கெனவே எல்லைத் தகராறு உண்டா, நான் பொய் சொல்ல வாய்ப்பு உண்டா. காதும் கண்ணும் உலக அனுபவமும் உள்ள யாரும் இதைக் கேட்டு ஒரு முடிவுக்கு வரலாம். மீன் விற்பவர், பஸ் டிரைவர், ஸ்கூல் டீச்சர், யாராக இருந்தாலும் சரி.

இரண்டாவது சண்டை, அடுத்தவர் மண்ணில் விழுந்த காய் யாருக்குச் சொந்தம் என்பது. இதை ஊர் கூடி கைதூக்கி முடிவு செய்ய முடியாது. அப்படிச் செய்தால் கருங்கல்லில் ஒரு சட்டம், குழித்துறையில் ஒரு சட்டம் என்று ஆகிவிடும். இதற்குப் படித்த ஆள் வேண்டும்.

ஜூரி கோர்ட் என்பது இந்த இரண்டு வேலையையும் இரண்டு தரப்புக்குப் பிரித்துக் கொடுத்த கோர்ட். நடந்தது என்ன என்பதை முடிவு செய்வது, பொதுமக்களில் இருந்து ஒரே ஒரு வழக்குக்காக அழைக்கப்பட்ட ஒரு குழு. அந்தக் குழுவுக்குப் பெயர் ஜூரி, அதில் இருக்கும் ஆளுக்கு ஜூரர். சட்டம் என்ன சொல்கிறது என்பதை முடிவு செய்வது நீதிபதி.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. "என் மண்ணில் விழுந்ததால் எனக்குத்தான் என்று நினைத்து எடுத்தேன்" என்று நீங்கள் சொன்னால்? அடுத்தவர் பொருள் என்று தெரிந்தே நேர்மையில்லாமல் எடுத்தால்தான் திருட்டு, இது சட்டம், நீதிபதி சொல்லிவிடுவார். ஆனால் நீங்கள் உண்மையிலேயே அப்படி நினைத்தீர்களா, மாட்டிக்கொண்ட பிறகு சொல்லும் சாக்கா? மனதுக்குள் இருந்ததும் நடந்த சங்கதிதான். அதையும் ஜூரிதான் சொல்ல வேண்டும். ஆகவே நீதிபதி கேள்வியை ஒழுங்காகப் பாத்தி கட்டிக் கொடுப்பார்: எடுத்தார் என்பதில் உங்களுக்கு உறுதியா? உறுதி என்றால், நேர்மையில்லாமல் எடுத்தார் என்பதிலும் உறுதியா? இரண்டுக்கும் ஆம் என்றால் குற்றவாளி. ஒன்றுக்கு இல்லை என்றாலும் விடுதலை.

தண்டனை? அது பெரும்பாலும் ஜூரியின் வேலையே கிடையாது. குற்றவாளி என்று ஜூரி சொன்ன பிறகு எத்தனை வருடம் என்பதை நீதிபதி தீர்மானிப்பார். அமெரிக்காவில் மரண தண்டனை வழக்குகள் இதற்கு முக்கியமான விலக்கு. அங்கே பெரும்பாலான இடங்களில் அதையும் ஜூரியிடம்தான் கேட்கிறார்கள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: நடந்ததைச் சொல்வது ஜூரி, சட்டத்தைச் சொல்வது நீதிபதி, தண்டனையும் பெரும்பாலும் நீதிபதி.

யாரைக் கூப்பிடுவார்கள்?

உத்திரமேரூர் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலம். தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வாரியங்களுக்கு ஆள் எடுத்த குடவோலை முறை அது. அதைக் காட்டி, ஜூரியே நம்மிடமிருந்து போனதுதான் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அது அப்படி இல்லை. அங்கே ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கொள்ள ஆள் எடுத்தார்கள், இது வழக்கு. ஆனால் ஆளை எடுக்கும் விதம் மட்டும் அச்சு அசல் ஒன்றுதான்: யார் வரவேண்டும் என்பதை எந்தப் பெரிய மனிதரும் தீர்மானிக்கக் கூடாது, குலுக்கல் தீர்மானிக்கட்டும்.

இங்கிலாந்தில் அந்தக் குடம், வாக்காளர் பட்டியல். வயது 18 முதல் 75 வரை இருக்க வேண்டும். 13 வயதுக்குப் பிறகு குறைந்தது 5 வருடம் அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். குடியுரிமை வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. காமன்வெல்த் நாட்டவருக்கு அங்கே ஓட்டுரிமை இருப்பதால், அக்காவின் மகளைப் போல இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கும் அந்தக் கடிதம் வரும். நம் மாவட்டத்தில் இருந்து அங்கே போயிருக்கும் நர்ஸ் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் 1000 பவுண்டு வரை அபராதம். சரியான காரணம் இருந்தால் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். சம்பளம் கிடையாது. ஆனால் இழந்த வருமானத்துக்கு ஒரு வரம்பு வரையிலும் பயணத்துக்கும் பணம் தருவார்கள். சாதாரணமாக 10 வேலை நாள்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே குடியுரிமை உள்ளவர்கள் மட்டும்தான் ஜூரர் ஆகலாம். ஆனால் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலில் இருந்தும் பெயர் எடுப்பதால், விசாவில் இருப்பவர்களுக்கும் சில நேரம் கடிதம் வந்துவிடும். கிழித்துப் போட வேண்டாம், பெருமைக்காகப் போய் உட்காரவும் வேண்டாம். குடியுரிமை இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்பினால் போதும்.

பெட்டிக்குள் பன்னிரண்டு பேர்

இங்கிலாந்தில் பெரிய குற்ற வழக்குகளுக்கு 12 பேர். சாட்சியத்தின்படி உண்மையான முடிவைச் சொல்வேன் என்று ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுத்துவிட்டு உட்காருவார்கள். உட்காரும் இடத்துக்கு ஜூரிப் பெட்டி என்று பெயர். அப்புறம் நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. குறிப்பெடுக்கலாம். சாட்சியிடம் ஏதாவது கேட்கத் தோன்றினால் சீட்டில் எழுதி நீதிபதிக்கு அனுப்பலாம். பட்டிமன்ற நடுவர் மாதிரி எந்த வக்கீல் நன்றாகப் பேசினார் என்று பார்ப்பது இவர்கள் வேலை கிடையாது. வக்கீல் பேச்சு சாட்சியமே ஆகாது. (வக்கீலான நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.)

அந்த 12 பேரும் மனதில் வைத்திருக்க வேண்டிய அளவுகோல் ஒன்று உண்டு. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டதா என்பது. இதை எல்லோரும் சொல்கிறார்கள், அளவு என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

எங்கள் ஊர் மட்டி வாழைக்குலையை வைத்துச் சொல்கிறேன். உங்கள் தோட்டத்தில் ஒரு மட்டிக்குலை ராத்திரி களவு போனது. காலையில் பக்கத்துக்காரர் வீட்டு உத்தரத்தில் ஒரு மட்டிக்குலை தொங்குகிறது. போதுமா? போதாது. விளவங்கோடு பக்கம் மட்டி இல்லாத தோட்டம் ஏது? அவர் சொந்தக் குலையாக இருக்கலாம், சந்தையில் வாங்கியிருக்கலாம். இது நியாயமான சந்தேகம், ஏனென்றால் அன்றாடம் நடக்கக்கூடியது. சரி, குலைக்காம்பின் வெட்டு உங்கள் வாழையில் நிற்கும் வெட்டோடு பொருந்துகிறது, உங்கள் தோட்டத்துச் சேற்றில் அவர் செருப்புத் தடம் இருக்கிறது, ராத்திரி இரண்டு மணிக்கு அவர் அரிவாளோடு போனதைப் பகையில்லாத ஒருவர் பார்த்திருக்கிறார். அப்போதும், "அவரைப் போலவே இருக்கும் ஒருவன் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே" என்று சொல்லலாம்தான். அது சந்தேகம், ஆனால் நியாயமான சந்தேகம் இல்லை. இப்போது இங்கிலாந்து நீதிபதிகள் இதையே இன்னும் எளிமையாக்கி, "அவர் செய்தார் என்பதில் உங்களுக்கு உறுதியா?" என்று கேட்கிறார்கள். அவர்தான் செய்திருப்பார் போலிருக்கிறது என்ற அளவில் நின்றால் விட்டுவிட வேண்டும்.

அம்மாவிடமும் சொல்லக் கூடாது

அக்காவுக்குப் பெரிய மனவருத்தம் இங்கேதான். தினமும் ராத்திரி வீடியோ கால். "என்ன கேசு பிள்ளே?" என்று கேட்டால், "அம்மா, சொல்லக் கூடாது, சோறு தின்னாச்சா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறாளாம். பெற்ற தாயிடம் மறைக்கும் அளவுக்கு என்ன ரகசியம் என்று அக்கா என்னிடம் வந்து நின்றார்.

மகள் செய்தது சரி. வழக்கு நடக்கும்போது குழுவுக்கு வெளியே யாரிடமும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. இணையத்தில் தேடக் கூடாது, சம்பவம் நடந்த இடத்தைப் போய்ப் பார்க்கவும் கூடாது. 2010ல் இங்கிலாந்தில் ஒரு பெண் ஜூரர், தான் கேட்டுக்கொண்டிருந்த வழக்கில் சம்பந்தப்பட்ட பெண்ணோடு ஃபேஸ்புக்கில் பேசினார். 2011ல் அவருக்கு 8 மாத சிறைத் தண்டனை கிடைத்தது. 2015ல் வந்த சட்டப்படி, வழக்கைப் பற்றித் தனியாகத் தேடுவதே 2 வருடம் வரை சிறைக்குரிய குற்றம்.

காரணம் இதுதான். கோர்ட்டில் சொல்லப்படும் ஒவ்வொரு வார்த்தையையும் எதிர்த் தரப்பு குறுக்கு விசாரணை செய்யலாம், அதாவது சாட்சியை மடக்கி மடக்கிக் கேட்டு உண்மையைச் சோதிக்கலாம். ராத்திரி கூகுளில் படித்ததை யார் குறுக்கு விசாரணை செய்வது? அக்கா போனில், "அவன் மூஞ்சியைப் பாத்தாலே கள்ளன்னு தெரியுது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், கருங்கல்லில் இருந்து ஒரு பதின்மூன்றாவது ஜூரர் உள்ளே போய்விடுகிறார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவர் இருப்பதே தெரியாது.

ஒரு சாட்சியத்தை ஏற்கலாமா கூடாதா என்று வக்கீல்கள் வாதாடும்போதும் ஜூரியை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஏற்கக் கூடாது என்று முடிவானால் அப்படி ஒன்று இருந்ததே ஜூரிக்குத் தெரியாது. காதில் விழுந்ததைப் பிறகு தோண்டி எடுத்துப் போட முடியாதல்லவா. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பூட்டிய அறை

சாட்சியம் முடிந்து, வக்கீல்கள் பேசி, நீதிபதி சட்டத்தை விளக்கிய பிறகு 12 பேரும் ஓர் அறைக்குள் போவார்கள். தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக வைத்துக்கொள்வார்கள். அவருக்குத் தனி அதிகாரம் இல்லை, பேச்சை ஒழுங்குபடுத்தி முடிவை வெளியே சொல்பவர். முதலில் 12 பேரும் ஒத்த முடிவுக்கு வர முயல வேண்டும். குறைந்தது 2 மணி நேரமாவது கழிந்த பிறகு, நீதிபதி அனுமதித்தால் பத்துக்கு இரண்டு வரை ஏற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவில் பெரிய குற்றங்களுக்கு ஜூரர்கள் எல்லோரும் ஒத்துப்போயே ஆக வேண்டும் என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒத்துவரவே இல்லை என்றால் ஜூரியைக் கலைத்துவிட்டு, வேறு ஜூரியை வைத்து மறுபடி முதலில் இருந்து விசாரிக்கலாம்.

முடிவு ஒரே வார்த்தை அல்லது இரண்டு வார்த்தை. காரணம் சொல்ல வேண்டியதில்லை. யாரும் கேட்கவும் முடியாது. 1670ல் லண்டனில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவர் தெருவில் நின்று மதப் பிரசங்கம் செய்ததற்காக வழக்கு நடந்தது. குற்றவாளி என்று சொல்லும்படி ஜூரியை நெருக்கினார்கள். அவர்கள் மறுத்தபோது சோறு, தண்ணீர், குளிருக்கு நெருப்புக்கூட இல்லாமல் அடைத்துவைத்தார்கள். அப்போதும் மசியவில்லை. அபராதம் போட்டார்கள். புஷெல் என்ற ஜூரர், கட்டமாட்டேன் என்று சிறைக்குப் போய் அங்கிருந்தே வழக்குப் போட்டார். சொன்ன முடிவுக்காக ஜூரரைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமை நீதிபதி வாகன் தீர்ப்பளித்தார். அந்த வில்லியம் பென்தான் பிற்பாடு அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவியவர்.

சுருக்கமாக: வெளியே இருந்து எதுவும் உள்ளே வரக் கூடாது, உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது, சொன்ன முடிவுக்குக் காரணம் கேட்கக் கூடாது. இதன் கெட்ட பக்கத்தை நம் ஊர்க்காரர் ஒருவர் அனுபவித்திருக்கிறார்.

ஒழுகினசேரிக்காரரும் ஒன்பது பேரும்

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்தது நாகர்கோவில் ஒழுகினசேரி. 1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் குத்திக் கொல்லப்பட்ட வழக்கில் அவரும் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கைதானது எல்லோருக்கும் தெரியும். அவர்களைக் குற்றவாளி என்று 1945ல் சொன்னது ஒரு ஜூரி என்பது பலருக்குத் தெரியாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த விசாரணை அது. அன்றைய சட்டப்படி உயர் நீதிமன்ற ஜூரியில் 9 பேர். ஆயுள் தண்டனை விழுந்தது. உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு தள்ளுபடியானது. அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்ப உயர் நீதிமன்றத்துக்கே வந்து, 1947ல் இருவரும் விடுதலை ஆனார்கள். இரண்டு வருடத்துக்கும் மேல் சிறை. ஜூரி எந்தச் சாட்சியை நம்பியது, ஏன் நம்பியது என்று ஒரு வரிகூட எழுதிவைக்கவில்லை. எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. காரணமே இல்லாத முடிவில் எந்த இடத்தைப் பிடித்து மேல்முறையீடு செய்வது?

யார் உட்காருகிறார்கள் என்பதும் சாதாரண விஷயம் இல்லை. 1897ல் பம்பாயில் திலகர் மீதான ராஜத் துரோக வழக்கில் ஜூரியில் 6 ஐரோப்பியர், 3 இந்தியர். குற்றவாளி என்ற முடிவும் ஆறுக்கு மூன்று. வேறு விளக்கம் வேண்டுமா?

இனி அந்த டீக்கடைப் பெரியவர் சொன்ன நேவிக்காரர். கடற்படை கமாண்டர் நானாவதி 1959ல் பம்பாயில் தன் மனைவியோடு பழகிய அகுஜாவைச் சுட்டுக் கொன்றார். ஜூரி எட்டுக்கு ஒன்று என்று அவரைக் குற்றவாளி இல்லை என்றது. நீதிபதி ஒப்பவில்லை. அப்படி ஒப்பாவிட்டால் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப அன்றைய சட்டத்திலேயே வழி இருந்தது, அனுப்பினார். உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, 1961ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 1964ல் கவர்னர் மன்னித்து விடுவித்தார். ஆகவே ஜூரி விட்டதால் அவர் தப்பவில்லை. அந்த வழக்கால்தான் ஜூரி போனது என்பதும் பாதி உண்மைதான். ஜூரியை ஒழிக்கலாம் என்று சட்ட ஆணையம் 1958லேயே சொல்லியிருந்தது. நானாவதி வழக்குக்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி நடந்தது. 1973ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமில்லாமல் போய், 1974 ஏப்ரல் 1ல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பார்சிகளின் விவாகரத்து வழக்குகளில் மட்டும் அந்தச் சமூகத்தில் இருந்து ஐந்து பிரதிநிதிகள் உட்காரும் ஏற்பாடு சட்டத்தில் ஒரு மிச்சமாக நிற்கிறது.

ஜூரி திரும்ப வந்தால் ஏழைக்கு நியாயம் கிடைக்கும் என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கல்குளம் தாலுகாவில் ஒரு கொலை வழக்குக்கு, கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் சொந்தமோ, சொந்தத்துக்குச் சொந்தமோ, ஒரே சபையோ, ஒரே கோயிலோ இல்லாத 12 பேரை எங்கே போய்ப் பிடிப்பீர்கள்? பேரைக் கேட்டதும் ஊரையும், ஊரைக் கேட்டதும் ஆளையும் கண்டுபிடிக்கிற மாவட்டம் இது.

இரண்டு நாற்காலி, ஒரே ஆள்

ஜூரி போனது, வேலை போகவில்லை. ஜூரியின் வேலையையும் சேர்த்து இப்போது நாகர்கோவில் செஷன்ஸ் நீதிபதி ஒருவரே செய்கிறார். பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்: "குற்றவாளி எனத் தீர்ப்பு, தண்டனை விவரம் நாளை." அது ஏன் இரண்டாகப் பிரிகிறது? முதல் நாள் அவர் ஜூரியின் நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததா இல்லையா என்று சொல்கிறார். அப்புறம் தண்டனை பற்றிக் குற்றவாளி தரப்பையும் கேட்டுவிட்டு, நீதிபதியின் நாற்காலியில் இருந்து தண்டனையைச் சொல்கிறார். அப்படித் தனியாகக் கேட்க வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

ஜூரியிடம் இல்லாத ஒரு கடமை இவருக்கு உண்டு. எந்தச் சாட்சியை ஏன் நம்பினேன், யாரை ஏன் நம்பவில்லை என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யும்போது அந்தப் பக்கங்களைத்தான் பிடித்துக்கொண்டு வாதாடுவோம். கலைவாணருக்குக் கிடைக்காத வசதி.

ஒரு சிரமமும் உண்டு. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் நம் சட்டப்படி சாட்சியம் ஆகாது. ஆனால் மறுநாள் பத்திரிகையில், "கொன்றது ஏன்? வாலிபர் பரபரப்பு வாக்குமூலம்" என்று வருகிறது. ஊரே படிக்கிறது. ஜூரியாக இருந்தால் வெளியே அனுப்பி வைக்கலாம். நம் நீதிபதி எங்கே எழுந்து போவார்? அதை ஏற்கலாமா என்ற வாதத்தைக் கேட்பதும் அவர்தான், ஏற்கக் கூடாது என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் எடை போட வேண்டியதும் அவர்தான். தோண்டி எடுத்துப் போட முடியாததைத் தோண்டி எடுத்துப் போடச் சொல்கிறோம். பழகியவர்கள் செய்கிறார்கள், முப்பது வருடம் பார்த்ததில் எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனாலும் ஒரே தலைக்குள் அந்தச் சுவரைக் கட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை.

போன வாரம் அக்கா மறுபடி வேலியோரம் வந்தார். வழக்கு முடிந்துவிட்டதாம். முடிந்த பிறகு, திறந்த கோர்ட்டில் நடந்ததைச் சொல்லத் தடையில்லை என்பதால் மகள் கதையைச் சொல்லிவிட்டாள். ஏதோ கடையில் அடிதடி. ஆனால் அந்த அறைக்குள் பேசியதை எப்போதும் சொல்லக் கூடாது.

"அவனை விட்டுட்டாங்களாம் மக்கா. நீ என்ன சொன்ன பிள்ளேன்னு கேட்டேன். வாயத் திறக்கணுமே!"